ஒரு பிடி ரப்பர்

காரின் சக்கரம் காரின் உடலோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் கைகள் இருக்கின்றன. பட்டறைகளில் அவற்றை 'ஆர்ம்' என்பார்கள். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் அந்தக் கைகள் அசைய வேண்டும். அசையும் இடத்தில் இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டால் கார் ஓடுவதைவிட அலறுவதுதான் அதிகமாக இருக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி ரப்பரை வைத்தார்கள். அதன் பெயர் 'புஷ்'. மலாய் மெக்கானிக்குகள் 'கெத்தா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ரப்பருக்கும் அதே சொல்தான், மரத்தின் பாலுக்கும் அதே சொல்தான்.

பார்ப்பதற்கு மிக அற்பமான பொருள். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டு குழல்களோடும் வெப்பத்தில் ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். உள்குழலின் வழியே போல்ட் நுழைந்து அதைக் காரின் உடலோடு இறுக்கிவிடும். வெளிக்குழல் ஆர்மின் துளைக்குள் அழுந்தி அமர்ந்திருக்கும். ஆர்ம் அசையும்போது வெளிக்குழல் அதனோடு திரும்பும், உள்குழல் நகராது. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு தன் பழைய நிலைக்குத் திரும்பும். அங்கே எதுவும் எதன்மீதும் வழுக்குவதில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நான் சொல்லப்போகும் சங்கதியில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

என் மாமாவிடம் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இருந்தது. 2000ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது, என்னைவிட மூத்தது. இந்தக் காரைப் பற்றி நம் மாணவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். 1998இல் வந்து 2005இல் நின்றுபோன மூன்று கதவுக் கார். 1.8 லிட்டர், 16 வால்வு இயந்திரம். புரோட்டோன் நிறுவனம் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியிருந்தது. அதனால் இந்தக் காரின் சஸ்பென்ஷனைச் சீரமைத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். அதைச் சொல்லும் சின்னமொன்று காரின் பின்னால் இருக்கும். மாமா காரைக் கழுவும்போதெல்லாம் அந்தச் சின்னத்தை மட்டும் தனித்துணியால் துடைப்பார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை பார்த்துக் கட்டிய தவணை அது. பினாங்குப் பாலத்தில் அவர் பல்லாயிரம் முறை இந்தக் காரை ஓட்டியிருப்பார். பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார். நாங்கள் நம்பமாட்டோம். ஆனால் அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

2022இல் இனிப்புநீர் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. நம் குடும்பங்களில் இது புதிய கதை இல்லை என்பதால் விரித்துச் சொல்லவில்லை. இடது கால் போனால் கிளட்ச் போகிறது. வலது கால் இருக்கிறது, ஆட்டோ கியர் கார் ஓட்டலாம். தொழிற்சாலையை விட்டபிறகு குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வேலையைச் சொந்தமாகச் செய்துவந்தார் மாமா. ஏணி ஏற முடியாது என்றாலும் ஒரு பையனை உடன் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம் என்பது அவருடைய கணக்கு. அதற்கு அவரே ஓட்டிப்போக ஒரு வாகனம் வேண்டும். பழைய பெரோடுவா வீவா ஆட்டோ ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அதை வாங்கச் சத்ரியாவை விற்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் ஈப்போவிலிருந்து ஒரு பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், இருக்கையைத் தடவிப் பார்த்தான், கண்ணில் ஆசை தெரிந்தது. ஓட்டிவிட்டுத் திரும்பியதும் முகம் மாறியிருந்தது. "அங்கிள், முன்னால டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஹைவேயில லேன் மாத்துனா பின்னால ஒரு ஆட்டம் ஆடுது. அடியில என்னென்ன போயிருக்குன்னு தெரியல" என்று சொல்லி, பேசிய விலையிலிருந்து நாலாயிரம் வெள்ளியைக் குறைத்தான். அவன்மேல் தப்பில்லை. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. ஆனால் அந்த நாலாயிரம்தான் வீவாவுக்கும் மாமாவுக்கும் நடுவே இருந்த தூரம்.

மாமா கோபப்படவில்லை. "ஒரு மாசம் டைம் குடு தம்பி. சத்தமில்லாம தரேன். அப்ப முழு விலை" என்றார். பையன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பட்டறையில் முன்புற அப்ஸார்பர் இரண்டையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. பிறகு அதே பட்டறையில் முன்புற புஷ்களை மாற்றினார்கள். சத்தம் போனது, எட்டே மாதத்தில் திரும்பி வந்தது. இந்த முறை கேட்டபோது நான்கு பக்க ஆர்மையும் மாற்ற வேண்டும் என்று இரண்டாயிரத்துக்குமேல் சொன்னார்கள். மாமா கைப்பேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது எனக்குப் பருவ விடுமுறை.

"இன்ஜினியரிங் படிக்கிற இல்ல? படுத்துப் பாரு" என்றார்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடம் ஒரு காரும் ஒரு நாற்காலியும் கொள்ளும் அளவுதான். நாற்காலியில் மாமா, காருக்கடியில் நான். கீழே இறங்கும் முன்பே அவர் ஒரு சோதனை வைத்தார். அம்மாவைக் காரை மெல்ல முன்னே ஓட்டச் சொல்லி, சட்டென்று பிரேக் மிதிக்கச் சொன்னார். என்னைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தவைத்து, சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொன்னார். பிரேக் பிடித்த கணத்தில் முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி பின்னால் நகர்ந்தது. விட்டதும் முன்னால் வந்தது. கார் நிற்கிறது, சக்கரம் மட்டும் தனியாக நடக்கிறது. அந்தச் சக்கரத்தை முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது லோவர் ஆர்மின் பெரிய புஷ். அது கைவிட்டுவிட்டது. அப்ஸார்பருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லாத சோதனை இது. இதைச் செய்யாமல் அப்ஸார்பரை மாற்றியிருக்கிறார்களே என்று எனக்கு வயிறெரிந்தது.

பின்னால் வேறு கதை. சத்ரியாவின் பின்சக்கரங்களைப் பல ஆர்ம்கள் சேர்ந்து பிடித்திருக்கின்றன. அவற்றில் முன்னிருந்து பின்னாக நீளும் டிரெய்லிங் ஆர்மின் முனையில் கைமுட்டி அளவுக்கு ஒரு புஷ் உண்டு. நீண்ட இரும்புக் கம்பியை இடுக்கில் நுழைத்து நெம்பினேன். நல்ல புஷ் என்றால் கொஞ்சம் இணங்கிவிட்டு எதிர்த்து நிற்கும். இது கம்பியோடு வந்துவிட்டது. மற்ற ஆர்ம்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தோம். அவற்றில் குறை தெரியவில்லை. அப்படியே விட்டோம். ஆக முன்னால் லோவர் ஆர்மில் சின்னது இரண்டு பெரியது இரண்டு, பின்னால் டிரெய்லிங் ஆர்மில் இரண்டு, ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் ரப்பர் இரண்டு. மொத்தம் எட்டு.

எதை வாங்குவது என்பதில் எனக்கும் மாமாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. என் விடுதி நண்பர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் 'பாலியூரித்தேன் போடு' என்றார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் கிடைக்கும். ரப்பரைவிடக் கடினம், எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் கெடாது. அழுத்து இயந்திரம் இல்லாமல் கையாலேயே பொருத்தவும் முடியும். ஸ்டியரிங் கத்திபோல இருக்கும் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது.

மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "அது எப்படித் திரும்பும்?"

அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. ரப்பர் புஷ் உள்ளுக்குள் முறுக்கிக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா. பாலியூரித்தேன் புஷ்ஷில் உள்குழல் ஒட்டப்பட்டிருக்காது. குழல் அதற்குள் வழுக்கிச் சுழல வேண்டும். வழுக்க வேண்டுமென்றால் கிரீஸ் வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அதுகூடப் பரவாயில்லை. ஓர் அச்சில் மட்டும் சுழலும் ஆர்முக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் சத்ரியாவின் டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் மட்டும் போவதில்லை. மற்ற ஆர்ம்கள் சக்கரத்தை வளைவுப்பாதையில் இழுப்பதால் இதுவும் பக்கவாட்டில் சாய்ந்து, கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் போகும். ரப்பர் எல்லாத் திசைக்கும் இணங்கும். கடினமான பொருள் இணங்காது, மல்லுக்கு நிற்கும். பின்சக்கரம் சுதந்திரமாக அசைய முடியாத கார் வளைவில் எப்போது உதறும் என்று சொல்ல முடியாது. தவிர, எந்தச் சஸ்பென்ஷன் பொறியாளரும் ஸ்பிரிங், அப்ஸார்பர், புஷ் மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். "அவன் கணக்குல நீ ஏன் கை வைக்கிற? பந்தயத்துக்குப் போறவன் போட்டுக்கட்டும்" என்றார் மாமா. விற்கப்போகும் காருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ரப்பரையே வாங்கினோம். எட்டும் சேர்ந்து 280 ரிங்கிட்.

கழற்றும் வேலையைப் பற்றி நீட்டி எழுதினால் வாசகர்களுக்குக் கொட்டாவி வரும். நாலு ஸ்டேண்டின்மீது காரை ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, எல்லா போல்ட்களிலும் துரு நெகிழ்க்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிட்டேன். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகக்கூடாது என்பதை மாமா இந்த வேலை முடியும்வரை நாளுக்கு நான்கு முறை சொன்னார். முன்புறம் ஒரு காலைப் பொழுதில் வந்துவிட்டது. பின்புற இடது டிரெய்லிங் ஆர்ம் போல்ட் மட்டும் வரவே இல்லை. 24 ஆண்டுத் துருவில் போல்ட்டும் உள்குழலும் ஒன்றாகிவிட்டிருந்தன. நட்டைக் கழற்றிய பிறகும் போல்ட் சுழன்றது, ஆனால் வெளியே வரவில்லை. அது சுழலும்போது கூடவே உள்குழலும் சுழன்று ரப்பரை முறுக்கியது. கடைசியில் இரண்டு பக்கமும் வாளால் அறுத்தேன். அதற்கு ஒரு முழுநாள் போனது. தோள்பட்டை மூன்று நாள் வலித்தது.

ஆனால் அதற்கு முன் ஒன்றைச் செய்திருந்தோம். கார் தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டரின் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து, நிறுத்துமிடத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதச் சொன்னார் மாமா. முன்னால் இரண்டு பக்கமும் 355 மில்லிமீட்டர். எதற்கு என்று கேட்டபோது "அப்புறம் தெரியும்" என்றார்.

ஆர்ம்களைத் தூக்கிக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போனேன். வயதான சீனத் தவுக்கே ஒருவர் அழுத்து இயந்திரம் வைத்திருந்தார். ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், "இனி கெத்தா சுடா கோயாக்லா. தாப்பி பாரு, கான்?" என்றார். கிழிந்துவிட்டது, ஆனால் புதிதுபோல இருக்கிறதே என்பது அவருடைய சந்தேகம். எட்டு மாதம்தான் என்றேன். அவர் அந்த ரப்பரை வாளால் குறுக்கே அறுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு முன்பக்க ஆர்மிலிருந்து வந்த புஷ்களிலும் கிழிசல் ஒரே மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்தது. கூடவே வைத்துப் பார்த்தால் பின்புற டிரெய்லிங் ஆர்ம் புஷ் வேறு விதமாக இருந்தது. அது தொழிற்சாலையில் போட்ட அசல். சுற்றிலும் மெல்லிய வெடிப்புகள், வயதானவர்களின் குதிகால்போல. எந்தப் பக்கமும் தனியாகக் கிழியவில்லை. 24 ஆண்டு வெயிலும் காற்றும் ஓட்டமும் செய்த வேலை. பின்புறத்தில் இருந்தது மூப்பு. முன்புறத்தில் இருந்தது யாரோ திருகிக் கொன்றது.

வீட்டில் மாமாவிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தொங்கவிட்டு முறுக்கியிருக்கானுங்க" என்றார்.

இங்கேதான் அந்தச் சுவரில் எழுதிய 355 வருகிறது. பட்டறையில் காரை உயரே தூக்கும்போது சக்கரங்கள் கீழே தொங்கும். புதிய புஷ்ஷைப் போட்டு, போல்ட்டை அந்த நிலையிலேயே இறுக்கினால் உள்குழல் அந்தக் கோணத்தில் பூட்டப்பட்டுவிடும். ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. பிறகு காரை இறக்கினால் சக்கரம் மேலே போகும், ஆர்ம் திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் சும்மா நிற்கும்போதே அது முறுக்கத்தில்தான் இருக்கும். நான் அளந்தேன். லோவர் ஆர்மின் நீளம் ஏறத்தாழ 320 மில்லிமீட்டர். தொங்கும்போது சக்கரம் 80 மில்லிமீட்டர் கீழே இறங்கியது. 80ஐ 320ஆல் வகுத்தால் கால் பங்கு. சைன் மதிப்பு கால் என்றால் கோணம் 14 பாகைக்குச் சற்று மேல். வீட்டு வாசலில் இரவெல்லாம் நிற்கும்போதும் அந்த ரப்பர் 14 பாகை திருகலோடு நின்றிருக்கிறது. சாலையில் ஒவ்வொரு மேட்டிலும் அதற்குமேல் இன்னும் திருகல். பத்தாண்டுக்குமேல் உழைக்க வேண்டியது எட்டு மாதத்தில் கிழிந்ததற்கு ரப்பரின் தரம் காரணமில்லை. ஒரு போல்ட்டை எந்த நேரத்தில் இறுக்குவது என்பதுதான் காரணம். ஐந்தாம் படிவத்தில் சைன் கணக்குப் போட்டபோது இதெல்லாம் எதற்கு என்று பின்வரிசையில் முணுமுணுத்தவர்களுக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

அறுத்த புஷ் துண்டுகள் நிறுத்துமிடத்துத் திட்டில் கிடந்தன. பாட்டி வந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். எங்கள் பாட்டி சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டமொன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் ஓடி, மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துச் சேர்த்த கைகள். அந்தத் தோட்டம் பிறகு செம்பனையாகி, அதன்பின் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

"இது பாலுதானா? கரியா இருக்கு" என்றார்.

பால்தான் என்றேன். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ஒட்டும் தன்மை போய் உறுதி வரும் என்பதை 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த கதையையும், உழைப்பதற்காகக் கரித்தூள் கலப்பதையும் சொன்னேன். செயற்கை ரப்பர் எத்தனையோ வகை வந்துவிட்டது. ஆனாலும் இம்மாதிரி ஓயாமல் முறுக்கப்படும் இடங்களுக்கு இயற்கை ரப்பரையே இன்னமும் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. இயற்கை ரப்பரை நன்றாக இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாகிக்கொள்ளும். ஒரு சின்ன வெடிப்பு விழுந்தால், வெடிப்பின் நுனியில்தான் இழுவை மிக அதிகம். அந்த இடமே படிகமாகி உறுதிப்பட்டு, வெடிப்பு மேலே ஓடாமல் தடுக்கும். கிழியும் இடத்தில் தன்னைத்தானே கெட்டிப்படுத்திக்கொள்ளும் பொருள். விமானச் சக்கரங்களிலும் கனரக லாரி டயர்களிலும் அது நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒட்டுப்பால இழுத்துப் பாத்தாலே தெரியுமே, அறுகாதுன்னு. இதுக்கா யூனிவர்சிட்டி?" என்றார். மாமா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

அந்தத் துண்டில் இருந்த பால் எங்கே வடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உலகிலேயே அதிகமாக ரப்பர் எடுத்த நாடு என்ற இடத்தை மலேசியா 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் விட்டுவிட்டது. பாட்டிக்கு அதில் அக்கறை இல்லை. துண்டை எடுத்துப்போய்ச் சாமி அறைக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்துவிட்டார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

புதியவற்றை அழுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் புஷ் இளக்கமாக இருக்கும், மற்றத் திசையில் விறைப்பாக இருக்கும். திசை மாறினால் புத்தம்புதிய புஷ்ஷோடு கெட்ட கார்தான் கிடைக்கும். பழையதை எடுக்குமுன்பே ஆர்மில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போயிருந்தேன். தவுக்கே அதைப் பார்த்துத் தலையாட்டினார். எண்ணெயோ கிரீஸோ தடவக்கூடாது, அவை இயற்கை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். ஆறு புஷ்ஷை எடுத்துப் போட 80 ரிங்கிட் வாங்கினார். ஸ்டெபிலைசர் ரப்பர் பிளந்திருக்கும் வகை, அதைக் கையாலேயே மாட்டிவிடலாம்.

ஆர்ம்களை மாட்டி எல்லா போல்ட்களையும் விரலால் மட்டும் திருகி நிறுத்தினேன். பிறகு முன்சக்கர அச்சுக்கடியில் ஜேக்கை வைத்து மெல்ல ஏற்றினேன். மாமா அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, "நானூத்தி பத்து... மூணு தொண்ணூறு... போ... மூணு எழுபது..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். 355 வந்ததும் கையை உயர்த்தினார். காரின் அந்த மூலை தரையில் நிற்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும் நிலை அது. அப்போதுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு மூலையாக.

மூன்று மூலைகளை நான் முடித்தேன். நான்காவது இடது முன்சக்கரம். மாமா எதுவும் பேசாமல் நாற்காலியிலிருந்து கையூன்றித் தரையில் இறங்கி உட்கார்ந்தார். நான் பிடிக்கப் போனபோது தள்ளிவிட்டார். வலது காலை நீட்டி டயர் இருந்த திட்டில் உதைத்துக்கொண்டு, டார்க் ஸ்பேனரை வாங்கி, படுத்த வாக்கில் கையை உள்ளே நீட்டினார். சாக்கெட்டை போல்ட்டில் உட்காரவைப்பது மட்டும் என் வேலை. அவர் இழுத்தார். இடது கால் இல்லாததால் உடம்பு ஒருபக்கமாக நழுவியது. திரும்பவும் உதைத்துக்கொண்டு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஸ்பேனர் 'டக்' என்றது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மாமா சிமெண்டுத் தரையிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். சட்டை முழுக்கக் கரி.

மறுநாள் எலைன்மெண்ட் கடையில் 40 ரிங்கிட். புஷ் மாற்றினால் சக்கரங்களின் கோணம் மாறும், ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது. அங்கிருந்து நேராக வீடு திரும்பாமல் பெடோங், செமெலிங் வழியாக மெர்போக் வரைக்கும் போகச் சொன்னார் மாமா. ஜெராய் மலை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தெரியும் சாலை. வழியிலிருந்த வேகத்தடைகளில் ஏறி இறங்கினோம். சத்தமில்லை. பிரேக் மிதித்தால் கார் கோடு போட்டதுபோல நின்றது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பகுதி யோசிக்காமல் கூடவே வந்தது. அதுவரை நான் ஓட்டியிருந்தது வேறு ஏதோ கார் என்று தோன்றியது. மாமா பக்கத்து இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மடித்துத் தைத்த அவருடைய இடது கால்சட்டைக்குள் தொடை அசைந்தது. மூன்றாவது கியரை நான் கொஞ்சம் தாமதமாக மாற்றிய ஓரிடத்தில் எனக்கு முன்பே அசைந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினேன்.

மெர்போக் சந்திப்பில் "திருப்பிக்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

"இன்னொரு வாட்டி அந்த வளைவுக்குப் போ" என்றார்.

மூன்று வாட்டி போனோம்.

மார்ச் இறுதியில் ஈப்போ பையன் தன் அண்ணனோடு வந்தான். அரை மணிநேரம் ஓட்டிவிட்டுத் திரும்பியவன், இந்த முறை ஒன்றும் சொல்லாமல் முழு விலைக்கும் சம்மதித்தான். உரிமை மாற்றத்துக்கான சோதனைக்கு எந்த நாள் போகலாம் என்று அவனுடைய அண்ணனும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார். சுவரில் இருந்த கரி எழுத்தைக் காட்டினார்.

"இது முன்னால. அது பின்னால. போன்ல எழுதிக்க" என்றார். அவன் எழுதிக்கொண்டான்.

"நாளைக்கு எவனாவது இத கழட்டுனா, எந்த நெலையில போல்ட்ட முறுக்கச் சொல்லுவ?"

"காடி தரையில நிக்கிற நெலையில, அங்கிள்."

"தொங்கும்போது?"

"முறுக்கக் கூடாது."

"இன்னொரு தடவ சொல்லு."

அவன் சொன்னான். மாமா சாவியைக் கொடுத்தார்.